பெரிய வெள்ளியில் பொரிந்த முட்டை

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் இரண்டே பேர். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. ஆசிரியை என் மனைவி. வகுப்பறை டைனிங் டேபிள். டெக்சாஸில் சுகர் லேண்ட் பக்கம் இருக்கிறோம். காலையில் தெருமுனையில் மஞ்சள் பஸ் வந்து நிற்கும், மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ் போன சத்தம் கேட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் எழுந்திருப்பார்கள்.

ஆரம்பத்தில் என்னால் இதைத் தாங்கவே முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் காய்ச்சலோடும் பள்ளிக்கூடம் போனவன். பள்ளிக்கூடம் என்றால் எனக்கு மணி, வரிசை, 'உள்ளேன் ஐயா'. அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளைகள் பைஜாமாவோடு உட்கார்ந்து, தோசையைப் பிய்த்துக்கொண்டே பெருக்கல் கணக்குப் போட்டால் எப்படி இருக்கும்?

மனைவி சென்னையில் சில வருடம் டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடத்தை உள்ளே இருந்து பார்த்துவிட்டதாலோ என்னவோ, எனக்கிருந்த மயக்கம் அவளுக்கு இல்லை. ஜெபத்தோடு நாள் தொடங்கவேண்டும், பிள்ளைகள் ஒரு வசனமாவது மனப்பாடம் சொல்லவேண்டும், ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்வி முடியும்வரை யாரும் பெல் அடிக்கக் கூடாது. இதுதான் அவள் திட்டம். எங்கள் சபையிலும் இரண்டு மூன்று குடும்பங்கள் வீட்டிலேயே படிக்கவைக்கிறார்கள். நான் அரை மனசோடு தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, மறுநாளே கடையில் போய் ஒரு பித்தளை மணி வாங்கிவந்தேன்.

"இது எதுக்குப்பா?" என்றாள் மனைவி.

"ஸ்கூல்னா பெல் வேணாமா?"

காலை எட்டரைக்கு அடித்தேன். மகன் ஓடிவந்து விறைப்பாக நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடி "உல்லேன் ஐயா!" என்று கத்தினான். மகள் பல் தேய்த்துவிட்டு ஆடி அசைந்து வந்தாள். லேட்டாக வந்தால் வெளியேதான் நிற்கவேண்டும் என்று சொல்லி அவளைச் சமையலறை ஓரமாக நிற்கவைத்தேன். அவள் நின்றாள். நின்றபடியே அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்து, "அம்மா, பபிள்ஸ் ஏன் கீழேருந்து வருது?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மனைவி, மகன் எல்லோரும் அங்கே போய் நின்றுகொண்டார்கள். வகுப்பு மொத்தமும் வெளியே. உள்ளே நான் மட்டும், மணியோடு.

பக்கத்து வீட்டுத் தமிழ் ஆன்ட்டி பதினொரு மணிக்குப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்து, "என்ன தம்பி, இன்னிக்கு ஸ்கூல் லீவா?" என்பார். "இல்ல ஆன்ட்டி, முடிஞ்சிருச்சு" என்று சொல்வதற்குள் எனக்கு முகம் சிவந்துவிடும்.

கடைசியில் மனைவியிடம் சொன்னேன்: "ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன். என் மனசுக்குச் சரின்னு படலேன்னா ஆகஸ்ட்ல ஸ்கூல் தொறக்கறப்ப ரெண்டு பேரையும் சேத்துடுவோம்."

"சரி. ஆனா தூரத்துல நின்னு பாக்கக் கூடாது. கிட்ட வந்து பாக்கணும்" என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையில் இருந்த துணியை மட்டும் மடித்ததையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் முட்டைகள் வந்தன.

வீட்டில் படிக்கவைக்கிற குடும்பங்கள் வாரம் ஒருநாள் ஓரிடத்தில் கூடிப் பாடம் நடத்துவார்கள். அங்கே வருகிற ஓர் அமெரிக்கப் பெண்மணி கோழி வளர்க்கிறவர். ஒரு டஜன் முட்டையும், அடைகாக்கிற சின்னப் பெட்டி ஒன்றும் இரவல் கொடுத்தார். பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் மூடி போட்ட டிபன் கேரியர் மாதிரி இருந்தது. ப்ளக்கில் மாட்டினால் உள்ளே கோழியின் வயிற்றுச் சூடு. மகள் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டாள். தினமும் திருப்பிவைக்கவேண்டும், எதைத் திருப்பினோம் எதைத் திருப்பவில்லை என்று தெரியவேண்டுமே!

மூன்று வாரத்தில் பொரியும் என்றார்கள். நானும் மனைவியும் தலையைச் சேர்த்துவைத்து நாள் பார்த்தோம். வெள்ளிக்கிழமை பொரிகிற மாதிரி வைத்தால் நல்லது. வெள்ளி எனக்கு வீட்டிலிருந்தே வேலை, எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். கனகச்சிதமான திட்டம். அன்றும் ஒரு வெள்ளிதான், அன்றே பெட்டியில் வைத்துவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், துணி அலமாரி அறைக்குள் நால்வரும் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டோம். மகள் ஒரு முட்டையின் அடியில் டார்ச்சைப் பிடித்தாள். முட்டை செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே மரக்கிளை மாதிரி சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு கரும்புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது.

"அப்பா, இட்ஸ் டான்சிங்!"

"டான்ஸ் இல்லடா கண்ணு. ஹார்ட்டா இருக்கும்."

"இல்லப்பா, ஹார்ட் ரொம்பக் குட்டி. அந்தக் கறுப்பு, கண்ணு. பேபிதான் ஆடுது" என்று அவள் என்னைத் திருத்தினாள். என் சட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு எனக்குப் புல்லரித்தது. அன்றிலிருந்து ஆபீஸ் மீட்டிங் நடுவில்கூட ஓடிவந்து பெட்டியை எட்டிப்பார்க்க ஆரம்பித்தேன்.

பொரிய ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் சபை பாஸ்டர் போன் செய்தார்.

"தம்பி, பெரிய வெள்ளிக்கு அஞ்சாவது வார்த்தை உங்களுக்கு. பத்து நிமிஷம். ஜெபத்தோட ப்ரிப்பேர் பண்ணுங்க."

பெரிய வெள்ளியன்று மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை எங்கள் ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். பெரும்பாலும் பெரியவர்களுக்கும் நன்றாகப் படித்தவர்களுக்கும்தான் அது கிடைக்கும். உப்பளத்துக்காரர் பிள்ளை பிரசங்க மேடையில்! போனை வைத்துவிட்டு மனைவியைக் கட்டிக்கொண்டேன். அவளும் சிரித்தாள். சிரித்தவள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"என்னப்பா… முட்டைக்கும் வெள்ளிக்கிழமைதானே?"

பெரிய வெள்ளி வரப்போகிறது என்று தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் என்று வீட்டில் இறைச்சியே சமைக்கவில்லை. முட்டைக்கு ஒரு வெள்ளி என்பதும் தெரியும். இரண்டும் ஒரே வெள்ளி என்பது மட்டும் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தத் தப்பு நடக்காது. அன்றைக்கு லீவு என்று மாதக் கணக்காகப் பாடிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஸ்கூல், எல்லா நாளும் லீவு.

"பாத்தியா, இதுக்குத்தான் ஒரு ஒழுங்கு வேணும்ங்கறேன்" என்றேன்.

"நாள் குறிச்சது நீங்களும்தான் சார்" என்றாள்.

மகளுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. "நாம சர்ச்ல இருக்கும்போது பொரிஞ்சா, ஹாய் சொல்ல யாருமே வீட்ல இருக்க மாட்டாங்க."

இரண்டு வாரமாகத் திருப்பிவைத்த கை அது. அவளை விட்டுவிட்டுப் போகலாமா என்று மனைவி கேட்டாள். பெரிய வெள்ளி ஆராதனைக்கு ஆப்சென்ட்டா? என் நாக்கில் அந்தச் சொல் வரவே மாட்டேன் என்றது. முட்டைகளை விட்டுவிட்டுப் போகச் சொல்லவும் வாய் வரவில்லை. கோழிக்காரப் பெண்மணியிடம் கேட்டோம். மூடியைத் திறக்காமல், சாய்க்காமல், சூடு குறையாமல் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்றார். நான் பாஸ்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சத்தம் போடுமா தம்பி?"

"பொரிஞ்சா போடும் பாஸ்டர்."

"நம்ம சபையில சத்தம் போடாதவங்க யாரு இருக்கா? கொண்டாங்க."

வெள்ளி விடிந்தபோது ஒரு முட்டையில் மிளகு அளவு விரிசல். காதை மூடியருகே வைத்தால் உள்ளே இருந்து 'கீச்'. வீடே குதித்தது. பெட்டியைச் சுற்றித் துண்டுகளைக் கட்டி, மினிவேனின் பின்பக்க ப்ளக்கில் மாட்டினோம். ஃப்ரீவே வேண்டாம் என்று உள்தெரு வழியாக ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

"பிரேக்கை மெதுவா மிதிப்பா, புள்ளத்தாச்சியைக் கூட்டிட்டுப் போற மாதிரி!" என்றாள் மனைவி.

"ஒன்னு இல்லம்மா, டுவெல்வ்!" என்றான் மகன்.

எங்கள் சபை ஓர் அமெரிக்க ஆலயக் கட்டடத்தில் வாடகைக்குக் கூடுகிறது. ஹாலின் பின்பக்கம் கைக்குழந்தைக்காரர்கள் உட்காருகிற கண்ணாடி அறை உண்டு. உள்ளே ஸ்பீக்கரில் ஆராதனை கேட்கும், கண்ணாடி வழியாக மேடை தெரியும். அங்கே பெட்டியை வைத்தோம். மகள் ஆராதனையிலும் இருக்கலாம், முட்டையோடும் இருக்கலாம். நான் முன்வரிசைக்குக் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்தாள்.

"நான் கையாட்டினா நீ வரணும். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அப்போது நான் மேடையில் இருக்கமாட்டேன் என்று எந்த நம்பிக்கையில் சொன்னேனோ!

நான்காவது வார்த்தை பேசிய அங்கிள் தன் பத்து நிமிடத்தை இருபத்தைந்தாக இழுத்தார். என் முறை வந்தது. மேடை ஏறினேன். ஆறு பக்கம் எழுதி, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். முதல் பக்கம் தாண்டியதும் குரல் பிடிபட்டது. தலைகள் அசைந்தன. முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் கண்ணைத் துடைத்தார். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் மகள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டியது போதாதென்று குதித்தாள். அவள் வாய் 'அப்பா, அப்பா' என்று அசைவது தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் மனைவி. அவள் கையாட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிட்ட வந்து பாக்கணும்.

மீதி மூன்று பக்கத்தையும் மடித்தேன். "எனக்குக் கொடுக்கப்பட்டது இவ்வளவுதான். ஆமென்" என்றேன். சபை ஆமென் சொல்லி முடிப்பதற்குள் பக்கவாட்டு வழியில் பாதி தூரம் ஓடியிருந்தேன்.

அறைக்குள் மகள் மூடியோடு மூக்கை ஒட்டியிருந்தாள். விரிசல் விட்ட முட்டையின் ஓட்டைச் சுற்றி, டப்பா திறப்பது போல வெடிப்பு ஓடியிருந்தது. உள்ளே இருந்து ஓர் உந்தல். நின்றது. மறுபடி உந்தல். கைக்குழந்தையோடு நின்ற ஓர் ஆன்ட்டி தவித்துப்போய், "அய்யோ, கொஞ்சம் ஓட்டை எடுத்து விடேன் பாப்பா!" என்றார்.

"நோ ஆன்ட்டி! தொடக் கூடாது. உள்ளே இன்னும் பிளட் இருக்கு, யோக் இருக்கு. எல்லாம் அதோட வயித்துக்குள்ள போகணும். அப்புறம்தான் வரும். ஹெல்ப் பண்ணா செத்துடும்."

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக்குடுத்தா?"

"நான் அம்மாட்ட கேட்டேன். அம்மாக்குத் தெரியல. அதனால நாங்க ரெண்டு பேரும் படிச்சோம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ஓடு இரண்டாகப் பிரிந்தது. நனைந்த துணி உருண்டை மாதிரி ஒன்று வெளியே விழுந்து, தலையைத் தூக்கமுடியாமல் தூக்கி, எங்களைப் பார்த்தது. "ஹாய்!" என்றாள் மகள், மிக மெதுவாக. மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். நானும் அலறினேன் என்று பிறகு சொன்னார்கள். ஆறாவது வார்த்தையின் நடுவில் கண்ணாடியைத் தாண்டி அது கேட்டதாம்.

ஆராதனை முடிந்ததும் கண்ணாடி அறை வாசலில் வரிசை நின்றது. அதற்குள் மூன்று குஞ்சுகள். நான்காவது வார்த்தை அங்கிள் என் தோளைத் தட்டி, "தம்பி, நம்ம சபை வரலாற்றிலேயே சுருக்கமான பிரசங்கம். அடுத்த வருஷமும் முட்டை வை" என்றார். பாஸ்டர் குனிந்து மகளிடம் ஏதோ கேட்டார். அவள் ஓடு, சவ்வு, குஞ்சின் அலகு நுனியிலிருக்கிற சின்னப் பல் என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தாள். தமிழும் இங்கிலீஷும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அவர் எழுந்திருக்கவே இல்லை. ஈஸ்டர் காலைக்குள் ஒன்பது பொரிந்துவிட்டன. மீதி மூன்றை மகளே தோட்டத்தில் புதைத்து, ஒரு ஜெபமும் செய்தாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு வழக்கம்போல மணியை அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். கராஜிலிருந்து கீச்கீச்சென்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் மூவரும் விளக்கு மாட்டிய அட்டைப்பெட்டியைச் சுற்றி, சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைத் தராசில் ஒரு குஞ்சு நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, நீ லேட்டு" என்றாள் மகள், நிமிராமலேயே. "லேட்டா வந்தா வெளியே நிக்கணும்."

கதவருகே நின்றேன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஈஸ்டர் கெடு முடிந்தும் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லவேண்டும்.

"ஏம்மா, வாத்து முட்டை பொரிய எவ்வளவு நாளாகும்?" என்றேன். "அடுத்த வருஷம் அதை வெச்சுப் பாக்கலாமா?"

அவள் நிமிர்ந்தாள். "அடுத்த வருஷமா?"

"ஆமா. ஆனா காலண்டரை ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

"உள்ளே வாப்பா" என்று மகள் நகர்ந்து இடம் விட்டாள். மணியைக் கதவோரம் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.