ஐஸ் பெட்டியில் போன மெழுகுத் துண்டு

மூன்று கீமோ முடிந்தும் என் மார்பிலிருந்த கட்டி இம்மிகூடக் கரையவில்லை. முடி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுக் கொட்டிவிட்டது. மதுரைக்குப் போய்ப் பார்த்த புது டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, ரிசப்டர் சோதனையை யாரும் செய்யவேயில்லை என்றார்.

“கேன்சர் செல்லோட மேல்பக்கத்துல ரிசப்டர்னு ஒண்ணு இருக்கும்மா. ‘வளரு’ன்னு வர்ற சேதிய அதுதான் வாங்கி உள்ள அனுப்பும். சிலருக்கு அது மட்டுக்கு மீறி இருக்கும். அப்ப கீமோ மட்டும் பத்தாது, அதை அடைக்கிற ஊசியையும் சேத்துப் போடணும். அப்படி இல்லாதவங்களுக்கு அந்த ஊசி வேலை செய்யாது.”

சோதனைக்கு, கீமோவுக்கு முன்பே கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு வேண்டும். பழைய ஆஸ்பத்திரியில் அதை மெழுகில் பதித்து எங்களிடமே கொடுத்திருந்தார்கள். அட்டுவம்பட்டி வீட்டு பீரோவில் இருந்தது.

நாங்கள் வீட்டிலேயே சாக்லேட் செய்து கொடைக்கானல் கடைகளுக்குப் போடுகிறவர்கள். மெழுகு என்றதும் என் வீட்டுக்காரருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. மலையிறங்கி அனுப்பும்போது வத்தலக்குண்டு வெயிலில் எங்கள் சாக்லேட் எத்தனை தடவை கூழாகியிருக்கிறது! தெர்மாகோல் பெட்டி, சுற்றிலும் ஐஸ், நடுவே பாலித்தீன் பையில் என் சதை. பஸ்ஸில் அவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்து ஆளை உரசக்கூட விடவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மதுரை லேபில் பெட்டியைத் திறந்த பெண் சிரித்துவிட்டாள்.

“இது வெயிலுக்கெல்லாம் உருகாதுங்க. சட்டைப் பையில போட்டே கொண்டாந்திருக்கலாம்.” பையைத் தூக்கியதும் அவள் சிரிப்பு நின்றது. “தண்ணி உள்ள போயிருக்கே. ரிசல்ட் வருமான்னு பாத்துத்தான் சொல்லணும்.”

எனக்கு வந்த கோபத்தில் நடுரோடு என்றும் பார்க்கவில்லை. “ஒங்கள யாரு ஐஸ் வைக்கச் சொன்னா? நான் வெரசா போய்ச் சேரட்டும்னா?”

“உருகிப்போச்சுன்னா ஒன்னை எப்படிக் காப்பாத்துறதுன்னு பயந்துதான புள்ள…” என்றவர் அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்து நான்தான் தேற்றினேன்.

மறுவாரம் போன் வந்தது. மெழுகுக்குள் சதை பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. ரிசப்டர் ஏராளமாம். கீமோவோடு அந்த ஊசியும் சேர்ந்தது.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தார். விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினார். “எங்கம்மா இருந்துச்சு?” என்றார்.

எத்தனை மாதம் குளிக்கும்போதெல்லாம் பயந்து பயந்து தடவிய இடம், எனக்கா தெரியாது? விரலை வைத்துக் காட்டப் போனேன். எனக்கும் கிடைக்கவில்லை.