பாதி ஜெபம்

ஜெபமாலையை முன்னின்று சொல்வதற்கு வியாகுலம்மாளை விட்டால் எங்கள் தெருவில் ஆள் கிடையாது என்று பங்குச் சாமியாருக்கு ஒரு நினைப்பு. அவ்வளவு பக்தியாம். எனக்கல்லவா தெரியும் அந்தப் பக்தியின் லட்சணம்!

எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லும்போது, முன்னின்று சொல்பவர் பரலோக மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவார். மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிப்போம். பிறர் எங்களுக்குச் செய்த குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் வரி அந்த மீதியில்தான் வருகிறது. எப்போதும் முன்னின்று சொன்னால் அதைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம். கில்லாடி!

"இன்னாக்கா, சாமியையே ஏமாத்துற?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லிட்டு, உள்ள கறுவிகினு இருந்தா அதாண்டி ஏமாத்துறது" என்றார்.

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு அதை ஆய்ந்து வெட்டிக் கொடுப்பது அவர் பிழைப்பு. கை வேகம், வாய் அதைவிட வேகம். கணவர் சவரிமுத்து ஐஸ் கம்பெனியில் சுமை தூக்கினார். ஒரு மத்தியானம் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பக்கத்து வீட்டில் இருப்பது வியாகுலம்மாளின் சொந்தத் தம்பி பிராங்கிளின். வாசலில் அவன் ஆட்டோ நின்றது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். உள்ளே டிவி ஓடியது, கதவு மட்டும் திறக்கவில்லை. வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தியவர்தான், ஏழெட்டு வருஷம் பேசவே இல்லை.

அக்டோபர் மாதம் மாதா சொரூபம் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு நாள் தங்கும். பிராங்கிளின் அந்தச் சமயம் பார்த்துச் சவாரி என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான். போன வருஷம் அவனே சாமியாரிடம் போய், "எங்க வூட்டுக்கும் மாதா வரணும் ஃபாதர்" என்று கேட்டிருக்கிறான். வியாகுலம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும், "மாதாவ அங்க போவாதன்னு சொல்ல நான் யாரு?" என்று தன் வீட்டிலிருந்த சொரூபத்தைத் தானே தூக்கிக்கொண்டு அவன் வீட்டுப் படியேறினார்.

மாதா வந்த வீட்டுக்காரர்தான் ஜெபமாலையைத் தொடங்க வேண்டும். மற்ற வீடுகளில் கூச்சப்பட்டு வியாகுலம்மாளிடம் தள்ளிவிடுவார்கள். பிராங்கிளின் தள்ளவில்லை. முழங்காலிட்டுப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினான். அவன் பாதி முடிந்ததும் நாங்கள் மீதியைச் சொன்னோம். வியாகுலம்மாள் வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்தவனுக்கு அடுத்த மந்திரம் வரவில்லை.

"ஏன்டா அன்னிக்கி கதவ தொறக்கல?"

மாதாவுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"குடிச்சிருந்தேங்கா. மாமாவ ஏத்திகினு போயி எங்கனா இடிச்சிட்டா இன்னா பண்றதுன்னு பயம். நீ தட்டுனதெல்லாம் கேட்டுச்சு. கதவுக்கு இந்தாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"அத உள்ளேர்ந்து கத்தியிருக்கலாமேடா! நான் குடிச்சிகீறேன், வேற வண்டி பாருக்கான்னு ஒரு வார்த்த. அப்பவே ஓடியிருப்பேனே."

"தப்புதாங்கா. பெரிய தப்பு. அப்பறம் உன் மூஞ்சிய பாக்க முடியல."

அவன் தேம்பித் தேம்பி அழுதான். அழட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. வியாகுலம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லேர்ந்து ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தான். மீதிப் பாதியில் இந்தமுறை வியாகுலம்மாளின் குரலும் சேர்ந்துகொண்டது. அந்த வரி வந்ததும் நாங்கள் அத்தனை பேரும், பேசி வைத்துக்கொண்டதுபோல, வாயை மூடிக்கொண்டோம். பிராங்கிளின் தலை நிமிரவில்லை. அதை அவர் தனியாகத்தான் சொன்னார். கோபத்தோடுதான் சொன்னார், ஆனால் முழுசாகச் சொன்னார்.