சுனாமிக்கு ஒரு கதிரை

உப்புவெளியில், எங்கள் வீட்டு வளவுக்குள், சுனாமிக்குக் கதிரை போட்டுக் கொடுத்தவன் நான்தான். சிவப்பு பிளாஸ்டிக் கதிரை.

கேட்டவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. வளவின் இரண்டு மூலையிலும் மின்முனைகளைப் புதைத்து, வயர் இழுத்து, அளக்கிற பெட்டியில் கொழுவினாள். பெட்டிக்கு எறும்பும் வெள்ளமும் ஆகாதாம். "இதை மேல வைக்க ஒரு கதிரை இருக்குதா அண்ணா?"

விளக்கமும் தந்தாள். பூமி பெரிய காந்தம். அதன் புலத்துக்குள் உப்புத்தண்ணீர் அசைந்தால் மெல்லிய மின்சாரம் பிறக்கும். சுனாமியில் கடல் அடிவரைக்கும் அசையும். அந்த மின்சாரம் எங்கள் தீவுக்கு அடியிலும் நுழையும். கல்லில் ஒரு விதம், ஈரமண்ணில் வேறு விதம். அளந்தால், தோண்டாமலே தீவின் வயிற்றைப் பார்க்கலாம். நான் எத்தனையோ வருடமாகக் கடலைக் கவிதையில் கொஞ்சுகிறவன். தனக்குள் கரண்ட் ஓடுகிறதென்று ஓர் அலைகூட என்னிடம் மூச்சு விட்டதில்லை.

மனைவி அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். தன் தம்பியைச் சுனாமி கொண்டுபோன நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, 'அது' மட்டும்தான்.

"உந்தப் பெட்டி அது வர முன்னம் சொல்லுமோ?"

"இல்லை அக்கா, வந்தாப் பிறகுதான்."

"அப்ப அது வரோணும் எண்டு காத்துக்கொண்டு இருக்குது."

மாணவி குனிந்துகொண்டாள். "சின்னன் ஒண்டு வந்தாலே பெட்டிக்குக் காணும் அக்கா. கரையில நிக்கிறவைக்கே தெரியாது."

மாணவி போனதும் எனக்கு ஏச்சு விழுந்தது. "வாற சனத்துக்குக் கதிரை காணாது, அதுக்குப் போட்டிருக்கிறியள். தேத்தண்ணியும் ஊத்தி வைக்கட்டோ? கழட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் அக்கா வீட்டை போறன்."

நான் நாளைக்கு, நாளைக்கு என்று சாட்டுச் சொன்னேன். அவள் கதிரையைச் சுற்றிக் கூட்டினாள், தொடவில்லை.

பிறகொரு நாள் எங்கோ தூரத்தில் கடலடி நடுங்கியது. எங்கள் கரைக்கு ஆபத்தில்லை என்றது வானொலி. அவள் பொழுதுபடும்வரை பையோடு படலைக் கதவடியில் நின்றாள். கடல் ஒன்றும் தெரியாத பிள்ளைபோலக் கிடந்தது.

மறுநாள் மாணவியின் அழைப்பு. குரல் துள்ளியது. வந்ததாம், இரண்டு விரல் உயரத்தில், பெட்டி பிடித்துவிட்டதாம். அடியில் என்ன இருக்கிறதென்று இனித்தான் கணக்குப் பார்க்க வேண்டுமாம். மனைவி போனைப் பறித்தாள்.

"வந்திட்டுப் போயிட்டுதோ?"

"ஓம் அக்கா."

"எங்கட வளவுக்குக் கீழாலயோ?"

"அதின்ர கரண்ட் போனது, ஓம்."

போனை என் கையில் திணித்துவிட்டு முற்றத்தில் இறங்கினாள். வாளியைக் கவிழ்த்து, வயர் இழுபடாமல் பெட்டியை அதில் வைத்தாள். கதிரையைத் துடைத்து, கடற்பக்கம் பார்த்துப் போட்டு, உட்கார்ந்தாள்.

"இனி அது வந்தால் வாளியில இருக்கட்டும்."