அம்மை வீட்டுக் கம்பளி

நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்த நாளில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கம்பளியை வெளியே கொண்டுபோனேன். அம்மை போட்ட வீட்டிலிருந்து உப்புக்கல்கூட வெளியே கொடுக்கக் கூடாது. போடியில் இது தெரியாதவர் இல்லை. சின்னவளுக்கு மணல்வாரி அம்மை போட்டு அன்று மூன்றாவது நாள். ஆனால் மழை பிடிக்கப் போகிறது, குரங்கணிக்கு மேலே உள்ள மலைக்குடிக்குப் பத்துக் கம்பளி தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. கடையில் ஒன்பதுதான் இருந்தது. பிள்ளை ஒரு ராத்திரி போர்த்தியிருந்ததை வெயிலில் உதறிக் கட்டோடு சேர்த்துவிட்டேன். வீட்டுக்காரி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அதுதான் என் சோலி. கம்பளி, உப்பு, புகையிலை, பாசிமணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தேனும் குங்கிலியமும் வாங்கி வருவேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரியவள் பரீட்சைக்காக வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். பிள்ளைகள் படிப்பதைக் கேட்பதுதான் என் படிப்பு. நம் பக்கத்து மிளகைத் தேடிக் கப்பலேறிய வெள்ளைக்காரர்கள் வழி தப்பி அமெரிக்காவில் இறங்கினார்களாம். அங்கே இருந்தவர்களுக்குப் பாசிமணியும் கத்தியும் கொடுத்துத் தங்கத்தை வாங்கினார்களாம். பிறகு இவர்களோடு போன அம்மையில் ஊர் ஊராக ஜனம் செத்ததாம். வாளால் செத்தவர்களைவிட அதில் செத்தவர்களே அதிகமாம்.

பாசிமணி நானும் கொண்டுபோகிற சரக்குதான். அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அம்மை எதில் போனது, துணியிலா, ஆளிலா என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாடத்துல இல்லப்பா. அஞ்சு மார்க்குக்கு இது போதும்," என்றாள்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. குரங்கணியிலிருந்து லோடு இறக்க வரும் ஜீப்புக்காரரிடம் மேலே ஏதும் சேதி உண்டா என்று தினமும் கேட்டேன். நாலாம் நாள் அவர் சிரித்துவிட்டார்.

"என்னண்ணே, மேல பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கீகளா?"

மறுநாள் சரக்கு எதுவும் இல்லாமல் ஏறினேன். வழக்கமாக ஓடைப் பாறைக்கே பிள்ளைகள் ஓடி வந்துவிடும். அன்று ஒன்றும் வரவில்லை. எனக்குத் தேன் எடுத்துத் தரும் மலைக்காரர் மட்டும் பாறைக்கு அந்தப் பக்கம் நின்றார். நாலு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருப்பதாகவும் ஒருத்தி இன்னும் கண் திறக்கவில்லை என்றும் சொன்னார். நான் கம்பளி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுல எது ஒங்க வீட்டுது?" என்றுதான் கேட்டார்.

பத்தும் ஒரே கறுப்பு. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அப்ப பத்தையும் கொளுத்தணும். மழைக்கு நாங்க என்னத்தப் போத்துறது? இனிமே பாறையத் தாண்டாதீக. சாமான வச்சுட்டுக் கொரல் குடுங்க."

வெரசாக இறங்கி ஆஸ்பத்திரியில் சொன்னேன். மருந்தோடு ஒருவர் ஏறிப்போனார். அது என் கம்பளியால் வந்ததா, சந்தைக்கு வந்து போனவர்களால் வந்ததா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தால் தேவலை என்று ஒரு நேரம் நினைப்பேன். தெரியவே வேண்டாம் என்று மறுநேரம்.

அடுத்த வாரம் புதுக் கம்பளி பத்து வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கடையிலிருந்து நேரே மலைக்கு எடுத்துப்போனேன். பாறைமேல் வைத்துக் குரல் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் வந்தார். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"எந்திரிச்சு உக்காந்துட்டா. ஒரு கண்ணு மட்டும் மங்கலாத் தெரியுதாம்."

அவர் கம்பளிக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்டுல எல்லாரும் சொகமா?" என்றார்.

யாரைப் பார்த்தாலும் எவரும் கேட்கிற கேள்விதான். நான் பதில் சொல்லும்வரை அவர் கம்பளியைத் தொடவில்லை.