நோயாளி வீட்டில் இல்லை

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில், மாதா கோயில் பக்த சபையான மரியாயின் சேனைப் பெண்கள் வியாழக்கிழமைதோறும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ஜெபம் சொல்லிவிட்டு வருவார்கள். யாரைப் பார்த்தோம், எப்படி இருக்கிறார் என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசித்து நோட்டில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூட்டத்துக்குத் தலைவி செபஸ்தியம்மாள். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள், வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலியால் நாலு கூட்டத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

ஐந்தாவது வாரம் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றது ஓரகத்தி இவாஞ்சலின். ஒரு கையில் ஜெபப் புத்தகம், மறு கையில் ஓடைப்பட்டித் திராட்சை.

"எந்திரிக்காதீகக்கா. படுத்துக்கங்க, ஜெபம் சொல்லணும்."

"நான் கீர ஆஞ்சுகிட்டிருக்கேன். எதுக்குப் படுக்கணும்?"

"லிஸ்ட்டுல பேரு இருக்குல்ல அத்த" என்றாள் செயலர் ஜெசி, சங்கடத்தோடு நோட்டைத் திறந்து காட்டி. நோயாளிகள் பட்டியலில் வரிசை எண் ஆறு. ஐந்தாவது பெயர், மூன்று வருடமாகப் பேச்சில்லாமல் கிடக்கும் பெரியவர் மரியராஜ்.

"அப்ப தலைவி யாரு?"

"நீங்க எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்க்கா" என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னாள் இவாஞ்சலின். சொல்லிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தாள். நோயாளிகளுக்கான ஜெபத்தோடு விட்டிருந்தால்கூடச் செபஸ்தியம்மாள் பொறுத்திருப்பாள். கடைசியில் இவாஞ்சலின், சாகக் கிடப்பவர்களுக்குச் சொல்லும் நல்ல மரண ஜெபத்தையும் சேர்த்துச் சொன்னாள். மடியில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு, தன் நல்ல சாவுக்குத் தானே ஆமென் சொன்னாள் செபஸ்தியம்மாள்.

அன்றைக்கு முடிவு செய்தாள். அந்த ஆறாம் நம்பரை இவாஞ்சலின் தன் கையாலேயே கோடு போட்டு அடிக்க வேண்டும்.

மறுநாள் பஸ் ஏறி உத்தமபாளையத்தில் ஹோமியோபதி டாக்டர் எப்சிபாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"ஒரு பொம்பளைய ஜெயிக்கணும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "முட்டிக்கு வந்தீங்களா, கேஸுக்கா? கேஸுன்னா கோர்ட்டு அங்கன இருக்கு."

முழு விவரத்தையும் கேட்டுக்கொண்டு, கடுகு போன்ற சீனி உருண்டைகள் நிரம்பிய சின்னக் குப்பியைக் கொடுத்தாள். கையால் தொடாமல் மூடியில் தட்டி நாக்கில் போட வேண்டும். காப்பி அறவே கூடாது. "பிரஷர் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. இத நம்பி அத விட்டீங்கன்னா, அடுத்த ஜெபத்துக்கு நானே வர வேண்டியிருக்கும்." பிறகு காகிதத்தில் எழுதினாள். விடிந்ததும் அரைமணி நேர நடை. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். ஊறுகாய், கருவாடு குறைய வேண்டும். "மருந்து என் வேல. மத்ததெல்லாம் உங்க காலு செய்யிற வேல."

உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக யாரும் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்க மாட்டார்கள். வாய்க்கால் கரையில் முதல் நாள் மோட்டார் ரூம் வரை போனாள். பத்தாம் நாள் வாழைத்தோப்பைத் தாண்டினாள். நாற்காலியில் எழுந்து உட்காரும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் இவாஞ்சலினின் ஒரு குற்றத்தைச் சொன்னாள். கல்யாண வீட்டில் தனக்குக் கறி வைக்காமல் போனது ஒன்று. மாமியார் செத்த வீட்டில் தன்னைவிடச் சத்தமாக அழுதது இரண்டு. மூன்றாவது வாரம் பதினைந்து முறை எழுந்தாள். குற்றத்துக்குப் பஞ்சம் வரவில்லை.

ஐந்து கிலோ குறைந்தது. வலி பாதிக்கு இறங்கியது. மருந்தா, நடையா, வைராக்கியமா என்று டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியாது. செபஸ்தியம்மாளுக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறையும் இல்லை.

வியாழக்கிழமை அவர்கள் வரும் நேரத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இன்னொரு நடை போய்விடுவாள். மூன்று ஞாயிறும் ஜெசி கூட்டத்தில் ஒரே வரியை வாசித்தாள்: நோயாளி வீட்டில் இல்லை. மூன்றாம் தடவை பின்வரிசை சிரித்துவிட்டது.

"வீட்டுல இல்லேன்னா சொகமாயிருச்சுன்னு அர்த்தமா?" என்றாள் இவாஞ்சலின். "ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாக." பெயர் அப்படியே இருந்தது; அதை அடிக்கிற வரை கூட்டத்துக்குப் போவதில்லை என்று செபஸ்தியம்மாளும் இருந்தாள்.

ஐப்பசியில் குளியலறை ஈரத்தில் வழுக்கி இவாஞ்சலினுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வெளிநாட்டில் இருக்கிற மகன் கட்டிக்கொடுத்த மாடியில்தான் அவள் குடியிருப்பு. பதினெட்டுப் படி. அந்த வியாழக்கிழமை ஜெசி முன்னால் போக, செபஸ்தியம்மாள் பின்னால் ஏறினாள். படிக்கு ஒரு மூச்சு வாங்கி, கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள்.

தலையணையில் காலைத் தூக்கி வைத்துக் கிடந்த இவாஞ்சலின், வந்த ஆளைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காத தாயி. படுத்துக்க."

ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை ஒரு மணிகூடக் குறையாமல் சொன்னாள். பிறகு நிறுத்தி, நிதானமாக நல்ல மரண ஜெபத்தைத் தொடங்கினாள்.

"சுளுக்குக்கு எதுக்குக்கா இது?"

"பழகிப்போச்சு. நீதான பழக்கிவிட்ட." முடித்துவிட்டு அறிவுரையும் சொன்னாள். "காலையில நட. ராத்திரி புரோட்டாவ விடு. வயசாகுதுல்ல."

மருமகள் காப்பி கொண்டுவந்தாள். அந்த ஊரில் ஒரு வீட்டுக் காப்பியை மறுப்பது, அந்த வீட்டோடு உறவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம். செபஸ்தியம்மாள் டம்ளரை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

"ஆகாது. மருந்து சாப்பிடுறேன்."

இவாஞ்சலின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத தெளிவு வந்தது.

"எழுதிக்க ஜெசி. மருந்து சாப்பிடுறாகளாம். மருந்து சாப்பிடுற ஆளு பேர எப்புடிக்கா அடிக்கிறது?"

ஜெசியின் பேனா நின்றது. செபஸ்தியம்மாள் டம்ளரைப் பார்த்தாள். குடித்தால் உறவு, குடிக்காவிட்டால் நோய். எடுத்தாள். ஆற்றாமல், நாக்கு பொசுங்கக் கடைசிச் சொட்டு வரை குடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"சீனி கம்மி. இப்ப அடி."

நோட்டை வாங்கி இவாஞ்சலின் மடியில் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தாள். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

"ஜெசி, அந்த ஆறாம் நம்பரு காலியாத்தான கெடக்கு. உங்க புதுத் தலைவி பேர அதுல எழுது. நோட்டுல எடம் வீணாகக் கூடாது."

ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குக் கெடுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். எட்டாவது படியில் வலது கால் சுருக்கென்று பிடித்தது. மேலே இவாஞ்சலினின் சன்னல் திறந்திருந்தது. செபஸ்தியம்மாள் அங்கேயே நின்று, கண்ணுக்கெட்டின தூரம் வரை வயலைப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"இந்த வருசம் நாத்து நல்லாருக்குடி ஜெசி" என்றாள். வலி விடும் வரை நாற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.