பேட்டரி முனையில் சந்தனம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. காஞ்சிபுரத்தில் ஓடும் வண்டிகளில் பாதியின் பேட்டரி என் கடைக்குத்தான் வருகிறது என்று பீற்றிக்கொள்வேன். உண்மையில் பத்துப் பன்னிரண்டு வரும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு வைப்பேன். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயது. ஆட்டோ எலெக்ட்ரிக் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் வேறு.

அந்த வருஷம் பூஜையில் ஸ்பானர், சால்டரிங் இரும்பு, கல்லாப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், கையில் சந்தனம் மிச்சமிருக்கிறதே என்று பேட்டரிகளுக்கும் வைத்தேன். எங்கே வைத்தேன் தெரியுமா? தேய்த்துப் பளபளவென்று இருந்த முனைகளின் மேலேயே. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் வண்டிகளில் மாட்டும்போது மற்றவற்றைத் துடைத்தேன். ஒன்றை மட்டும் அவசரத்தில் அப்படியே ஒயரின் கிளாம்ப்பைப் போட்டு முறுக்கிவிட்டேன்.

அது திருப்பருத்திக்குன்றத்து நெல் வியாபாரி ஒருவருடைய காரில் மாட்டிய பேட்டரி. ஜைனக் குடும்பம், எல்லோரும் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கார் அது. அதன் டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். பதினெட்டு வருஷமாக அந்த ஒரே வண்டி. இன்னொருவர் கதவை ஓங்கிச் சாத்தினால்கூட அவர் முகம் சுளிக்கும்.

சந்தனத்தில் ஈரம் இருந்தவரை வண்டி ஓடியது. நாலைந்து நாளில் அது கரண்ட் பாய விடாமல் காய்ந்து இறுகியிருக்க வேண்டும். அதற்குள் நயினார் தன் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வாலாஜாபாத் போனார். பேசி முடித்து எல்லோரும் ஏறி உட்கார்ந்தபோது வண்டி கிளம்பவில்லை. கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிவிட்டார்களாம். வீடு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டிய பிறகு சாப்பிடாத வீடு அது. எல்லோரும் பட்டினியாகப் படுத்தார்கள்.

காலையில் எனக்கு ஆள் வந்தது. நான் போனபோது நயினார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். சாவியைத் திருப்பினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டரை இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், விளக்கும் அணைந்துபோனது.

இந்த இடத்தில் ஒருவன் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கிளாம்ப்பைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். சார்ஜ் எவ்வளவு என்று தெரிய ஹைட்ரோமீட்டர் விட்டு ஆசிட் பார்க்க வேண்டும். முனையையும் கிளாம்ப்பையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. என் வாய்தான் முந்திக்கொண்டது.

"பேட்டரி இறங்கிப் போச்சு நயினார். முந்தாநாள் ராத்திரில உள் லைட்ட அணைக்காம வுட்டிருப்பாரு. மிச்ச சார்ஜுல கிளம்பி வாலாஜாபாத்ல படுத்துடுச்சு."

"நானா?" என்றார் டிரைவர். "தெனம் ஒரு வாட்டி பாத்துட்டுத்தானே மேஸ்திரி படுக்கறேன்?"

"அப்ப பேட்டரி தானா இறங்குமா? இப்பத்தான் ஃபுல் சார்ஜ் பண்ணிக் குடுத்தேன்!" என்று எரிந்து விழுந்தேன். என் வேலையை அவர் குறை சொல்வதாகப் பட்டது எனக்கு. நயினார் டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பேட்டரியைக் கழற்றியது என்னோடு வந்த கடைப் பையன்தான். கடைக்குக் கொண்டுவந்து ஆசிட் பார்த்தேன். ஃபுல் சார்ஜில் இருந்தது. முனையைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாக, ஓடு போலக் காய்ந்த சந்தனம். நகத்தால் சுரண்டினால் வரவில்லை, கத்தி எடுத்துத்தான் சுரண்டினேன். சுரண்டும்போதே வாசனை வந்தது.

மத்தியானம் நயினாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சைக்கிளில் ஏறினேன். கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் சுத்தம் செய்து மாட்டினேன். ஒரே இழுப்பில் வண்டி உறுமியது.

"பாத்தியா? சார்ஜ் ஏத்தின உடனே எப்படி எடுக்குது!" என்றார் நயினார். "அந்த டிரைவரக் காலைலயே கணக்குத் தீர்த்து அனுப்பிட்டேன். சம்பந்தி வூட்டு முன்னாடி மானம் போச்சுப்பா. நீ சொன்னதும்தான் எனக்கே விளங்குச்சு."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. அவர் என் தோளில் கை வைத்ததும் உள்ளே போய்விட்டது. பூஜைச் சந்தனத்தால் வண்டி நின்றது என்று தெரிந்தால் ஊரில் எத்தனை பேர் சிரிப்பார்கள், எத்தனை பேட்டரி வேறு கடைக்குப் போகும் என்றுதான் என் புத்தி ஓடியது. கூலியை வாங்கிக்கொண்டு வந்தேன். வெட்கம் கெட்டவன்.

டிரைவருக்கு வேறு கார் கிடைக்கவில்லை. விளக்கை அணைக்க மறந்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் நின்றது. அடுத்த வருஷம் ஒரு லாரியின் பேட்டரியை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். செவிலிமேட்டில் மணல் லாரி ஓட்டுகிறாராம். ஆள் கறுத்துப் போயிருந்தார். என் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். "ஒண்ணு சொல்லட்டுமா மேஸ்திரி? அன்னிக்கு நான் உங்கிட்ட எதுத்துப் பேசிட்டேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். வயசாவுதில்ல, மறந்துதான் இருப்பேன். நீ உள்ளதத்தானே சொன்ன. இப்ப லாரிய நிறுத்தினா மூணு வாட்டி எழுந்து போய் லைட்டப் பாக்கறேன். படுத்தாலும் தூக்கம் வர மாட்டேங்குது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாருமில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"எல்லாருக்கும் வர்ற மறதிதான், வுடுண்ணா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.