எங்கள் வாரத்து மந்திரி

சரித்திரத் தொடர் பார்ப்பதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. என் இலக்கிய நண்பர்கள்தான் மறைத்தார்கள். காஞ்சிபுரத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்செடுத்தால், பக்கத்து வீட்டு டிவியில் ஓடியது காதில் விழுந்தது என்பார்கள். காதில் மட்டும் விழுந்தவர்களுக்கு ராணியின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுவரை தெரிந்திருக்கும்.

நான் அப்போது ஒரகடம் சாலையில், கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஆலையொன்றில் தர ஆய்வாளன். புகழ்பெற்ற பழைய நாவல் ஒன்றைப் பட்டும் நகையும் யானையுமாக எடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். யானை ஒன்றுதான். படை புறப்படும்போது அதுவே மூன்று முறை கடந்துபோகும். நாவலை இரண்டு முறை படித்தவன் என்ற முறையில் தொடரின் குறைகளை விலாவாரியாகச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. சொல்லி முடித்த கையோடு முதல் ஆளாகப் போய் டிவி முன் உட்காருவேன்.

ஷிப்ட் முழுக்க நீலச் சட்டையில் நின்று, 'ஓகே', 'ரிஜெக்ட்' என்ற இரண்டே சொற்களில் உலகத்தை வகுத்துவிட்டு வருகிறவனுக்கு, ஒரு வாயிற்காவலன்கூட வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் மூச்சு வாங்கி, ஒழுங்காக முடித்துவைப்பதைக் கேட்பது எவ்வளவு பெரிய சுகம்! அந்த அரண்மனையில் எவருக்கும் அவசரமில்லை. திரைச்சீலையை விலக்கவே விளம்பரம் வரை நேரம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்றிருக்கும் எனக்கு.

ஷிப்ட்தான் தொல்லை. இரண்டு அணிகள்; ஒரு வாரம் காலை, மறு வாரம் மாலை என்று மாறிக்கொண்டே இருப்போம். எனவே காலை ஷிப்ட் வாரங்களில் மட்டும் நாங்கள் தொடரைப் பார்த்தோம். விடுபட்ட வாரங்களை எதிர் அணி பார்த்தது. கதையில் ஒரு மந்திரி. எங்கள் வாரங்களில் அவர் அரசரின் பாலில் எதையோ கலப்பார். எதிரி நாட்டு ஒற்றனோடு குசுகுசுப்பார். கலந்தது மருந்து, அந்த ஒற்றன் நம்முடைய ஆள் என்பதெல்லாம் அவர்களுடைய வாரங்களில்தான் தெரியவரும். ஒரே மந்திரிக்கு எங்களிடம் சாபம், அவர்களிடம் பூசை. ஷிப்ட் மாறும்போது கேட்டருகே தினமும் வழக்கு நடந்தது.

"அந்தாளு தங்கம்யா," என்பார் எதிர் அணியின் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், சுங்குவார்சத்திரத்துக்காரர். "ராஜாவுக்கோசரம் உசுரையே குடுப்பாரு. உங்களுக்கு இன்னா தெரியும்?"

"தங்கமா? பால்ல வெசத்த ஊத்துனத எங்கண்ணால பாத்தேன்வே!" என்பான் எங்கள் பிரஸ் ஆபரேட்டர், திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன். பிறகு என்னிடம் திரும்புவான். "அண்ணாச்சி, நீங்கதான் புஸ்தகம் படிச்சவிய. சொல்லுங்க."

மந்திரி நல்லவர் என்று சொன்னேன்.

"அது புஸ்தகத்துல. டிவில மாத்திருப்பானுவ."

அதற்குப் பிறகு என் அணி, நான் 'ஓகே' முத்திரை குத்திய தகடுகளைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்தது.

கடைசிப் பகுதி எங்கள் மாலை ஷிப்டில் வந்து விழுந்தது. முடிவை எதிர் அணி பார்க்கும். மறுநாள் அதை அவர்கள் வாயால் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வருடச் சண்டைக்குப் பிறகு அதைவிட மானக்கேடு வேறில்லை. கேன்டீனில் டிவி இருந்தது. கிரிக்கெட்டுக்கு மட்டும் என்பது விதி. ஆட்டம் உள்ள நாட்களில் சாப்பாட்டு இடைவேளையையே தள்ளிவைப்பார்கள். அதேபோல் அன்று ஒருநாள் விடும்படி மேலாளரிடம் போய்க் கேட்டேன்.

"மேட்ச் வேற. இது அட்டைக் கத்தி," என்றார். "நீங்க நல்லாப் படிக்கறவர்னு கேள்விப்பட்டேனே?"

ஆங்கில நாவல்களை வைத்து இங்கிலாந்தில் எடுத்த தொடர்களை டிவிடியில் சேர்த்துவைப்பவர் அவர்.

"உங்க தொடர்ல என்ன சார் பண்றாங்க?"

"அது கிளாசிக்."

"அங்க கவுன் போட்டுக்கிட்டு, டீ குடிச்சுக்கிட்டே கல்யாணம் பேசறாங்க. இங்க பட்டு கட்டிக்கிட்டு, பால் குடிச்சுக்கிட்டே யுத்தம் பேசறாங்க. வேற என்ன வித்தியாசம்?"

"லைன் நிக்கக் கூடாது," என்று முடித்துவிட்டார்.

சரி, நிற்க வேண்டாம். எங்களுக்கு அடுத்த கட்டம் வெல்டிங். அங்கே நின்றவை இயந்திரக் கைகள். அவற்றுக்குத் தொடர் பார்க்கும் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் டீக்குக்கூடப் போகாமல் தகடு அடித்து, அந்தக் கைகள் அரை மணிக்குமேல் தின்னும் அளவுக்கு முன்கூட்டியே அடுக்கினார்கள். நானும் என் வாழ்நாளில் அவ்வளவு கறாராக ஆய்வு செய்ததில்லை. கீறல் விழுந்த தகடு ஒன்று போனாலும் பழி எங்கள் தலையில்தான் வந்து விடியும்.

தொடரின் பாட்டு ஒலித்தபோது மொத்த அணியும் கேன்டீனில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மேலாளர் வந்து எங்களுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றார்.

"லைனை விட்டுட்டு இங்க என்ன?"

"லைன் ஓடுது சார். காது குடுத்துக் கேளுங்க."

கேட்டார். ஓடியது.

"இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?"

"ஆமா சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."

தள்ளித்தான் நின்றார். இளவரசனுக்கு வந்த அம்பை மந்திரி குறுக்கே பாய்ந்து வாங்கினார். அம்பு நெஞ்சில் பட்டது. ரத்தம் வயிற்றருகே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. திருநெல்வேலிக்காரன் சோற்றில் கைவைத்தபடியே இருந்தான்.

"வருசம் பூரா ஏசிட்டமே அண்ணாச்சி," என்றான்.

மறுநாள் கேட்டருகே ஃபோர்க்லிஃப்ட்காரரிடம் அவனே போய்த் தோல்வியை ஒப்புக்கொண்டான். அவர் ரொம்பவும் அலட்டிக்கொள்ளாமல், "வுடு தம்பி, நீ பாத்தத நீ சொன்ன," என்றார்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தலைசுற்றல் என்று எழுதிக் கொடுத்துவிடும்படி நல்ல மனதோடு நாலு பேர் யோசனை சொன்னார்கள். தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்தோம், உற்பத்தி குறையவில்லை, தொடர் நன்றாக இருந்தது என்று எழுதினேன். இன்னொரு தொடர் வந்தால் அதையும் பார்ப்போம் என்று சேர்த்து, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.